எல்லையோரத்தில் சுற்றியவன் சொல்கிறேன்: மலையையும் ஆற்றையும் மட்டும் நம்பி வழி போடாதீர்கள்

போர்வெல் மோட்டாரும் பம்ப்செட்டும் விற்கிற வேலையில் வெகுகாலம் இருந்தேன். எனக்குக் கொடுத்திருந்த ஏரியா தமிழ்நாட்டின் மேற்கு ஓரம். செங்கோட்டையில் தொடங்கி கம்பம், போடி, உடுமலை, பொள்ளாச்சி, கூடலூர், மேட்டூர், பென்னாகரம் என்று மலையை ஒட்டியே போகிற ஊர்கள். ஆர்டர் பிடிக்கப் போகும் தோட்டம் சில சமயம் எல்லைக்கு இப்பால் இருக்கும், சில சமயம் அப்பால். வேலையை விட்ட பிறகும், சொந்தக்காரர்களும் நண்பர்களும் வண்டி எடுப்பதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுவது வழக்கமாகிவிட்டது. "மாமா, பரம்பிக்குளம் போக பாலக்காடு போய்த்தானே போகணும்?" "அண்ணே, டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டம்தானே, போடியிலிருந்து நேரா ரோடு இருக்குமில்ல?"

கேள்வி எதுவானாலும் அடியில் இருக்கிற எண்ணம் ஒன்றுதான். மலைமுகடு எல்லை என்றால் அந்தப் பக்கத்து இடத்துக்கு அந்தப் பக்கமாகத்தான் ஏற வேண்டும், ஆறு எல்லை என்றால் கரையைப் பார்த்தாலே எது யாருடையது என்று தெரிந்துவிடும் என்கிற எண்ணம். பள்ளிக்கூட வரைபடத்தில் அப்படித்தான் தெரியும். நேரில் தண்ணீர் ஒரு பக்கம் ஓடும், சாலை வேறு பக்கத்திலிருந்து ஏறும், அதிகாரம் இன்னொருவரிடம் இருக்கும். எல்லாம் ஒத்துப்போகிற இடங்களும் உண்டு. ஒத்துப்போகாத இடங்களில்தான் பெட்ரோலும் பொழுதும் வீணாகும்.

ஒத்துப்போகிற இடத்துக்கு நல்ல உதாரணம் குமுளி. லோயர் கேம்பிலிருந்து மலைப்பாதை ஏறி முடிகிற இடத்தில் கேரளா ஆரம்பிக்கிறது. நம் பஸ்ஸில் வந்து இறங்கி, செக்போஸ்ட்டை நடந்தே தாண்டி, அந்தப் பக்கம் கேரள பஸ் பிடித்துப் போகிறவர்கள் எத்தனையோ பேர். போடிமெட்டும் அதே மாதிரி. செங்கோட்டைக்கு மேற்கே கோட்டைவாசலும் அதே மாதிரி. கணவாயின் உச்சியைத் தாண்டினால் ஆரியங்காவுக்கு இறக்கம். ஜூன், ஜூலையில் இந்த இடங்களுக்குப் போனால் வித்தியாசம் உடம்புக்கே தெரியும். கீழே கம்பத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும், மேலே குமுளியில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருகிற ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குச் சரிவே வாங்கிக்கொள்கிறது. செங்கோட்டைப் பக்கம் கணவாய் திறந்திருப்பதால் கொஞ்சம் இப்பக்கமும் கசிகிறது. குற்றாலத்துக்கு சீசன் கிடைப்பது அந்தக் கசிவால்தான். அதனால் அந்த மாதங்களில் கீழே வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மழைக்கோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வைப்பர் ஓடுகிறதா என்று அடிவாரத்திலேயே பார்த்துவிடுங்கள். உச்சியில் பனிமூட்டத்துக்குள் போன பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று. விடியற்காலையில் கம்பம், போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் மெட்டுப் பாதைகளில் வரிசையாக ஏறும்; மாலையில் அதே வேகத்தில் இறங்கும். அந்த டிரைவர்களுக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம், உங்களுக்கு இல்லை. அந்த நேரத்தில் ஒதுங்கி வழி விட்டுவிட்டு நிதானமாகப் போவதே நல்லது. இந்த ஜீப்புகளைப் பார்த்தாலே எல்லையின் கதை பாதி புரியும். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாக இந்தப் பக்கம் வந்தன. செங்கோட்டையில் ஒரு பகுதியும் வந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவிலேயே நின்றுவிட்டன. கோடு விழுந்ததே தவிர பிழைப்பு மாறவில்லை. மூணாறில் இறங்கித் தயங்காமல் தமிழில் விலை கேட்கலாம்.

சரி, டாப் ஸ்டேஷனுக்கு வருவோம். காட்சிமுனை நிற்கிற இடம் தேனி மாவட்டம். ஆனால் வண்டி போகிற ரோடு மூணாறிலிருந்துதான் வருகிறது. போடியில் இருப்பவர் போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாக மூணாறு போய், அங்கிருந்து மாட்டுப்பெட்டி, குண்டளை தாண்டித்தான் தன் சொந்த மாவட்டத்துக்குள் திரும்ப நுழைய வேண்டும். அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேல் தெரிகிற இடத்துக்கு இவ்வளவு சுற்று. வேடிக்கை என்னவென்றால், நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வழி இருந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு குட்டி ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் இறங்கி போடிக்குப் போயின. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது மிச்சம் இருப்பது குரங்கணியிலிருந்து ஏறும் நடைபாதை. 2018 மார்ச்சில் அந்த மலையில் பிடித்த காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்தார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள். கோடையில் அனுமதி கிடைக்காவிட்டால் சண்டை போடாமல் திரும்பிவிடுங்கள்.

பரம்பிக்குளம் இதற்கு நேர் எதிர். அது கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற புலிகள் காப்பகம். ஆனால் வண்டி போகிற பாதை பொள்ளாச்சிப் பக்கமிருந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். பாலக்காட்டுக்காரரே தமிழ்நாட்டுக்குள் வந்து, ஆனைமலைக் காட்டைக் கடந்துதான் தன் மாவட்டத்து ஊரைப் பார்க்க வேண்டும். நாம் போகும்போது சேத்துமடையில் நம் வனத்துறைக்கு ஒரு கட்டணம், உள்ளே ஆனப்பாடியில் கேரள வனத்துறைக்கு ஒரு கட்டணம். இரண்டு ரசீதையும் பத்திரமாக வையுங்கள், திரும்பும்போது கேட்பார்கள். டாப்ஸ்லிப்பில் அறை கிடைத்துவிட்டது என்பதால் பரம்பிக்குளத்துக்குள் விடமாட்டார்கள். இரண்டும் வேறு வேறு துறை, முன்பதிவும் வேறு. அங்கே இருக்கிற பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருந்தாலும் மதகைத் திறந்து மூடுவது தமிழ்நாட்டு நீர்வளத் துறை ஊழியர்கள். அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்து நம் பக்கம் வந்து, மின்சாரம் கொடுத்துவிட்டு, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை பாய்கிறது. நான் விற்ற பம்ப்செட்டுகளில் எத்தனையோ அந்த வாய்க்கால் தண்ணீரால் நிறைந்த கிணறுகளில்தான் ஓடின. ஆகவே இதை வெறும் தகவலாக என்னால் சொல்ல முடியவில்லை.

மலை விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சின்னாறு. உடுமலையிலிருந்து மூணாறு போகும் ரோட்டில், ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டி ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போய்க்கொண்டே இருந்தால் ஒரு பாலம் வரும். கீழே ஓடுவது சின்னாறு. பாலத்துக்கு அப்பால் கேரள வனத்துறையின் செக்போஸ்ட். கேரளா என்றதும் தென்னையும் ஈரமும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் இங்கே முழிப்பார்கள். ஆற்றின் இரண்டு கரையிலும் முள்மரம், கள்ளி, காய்ந்த பாறை, அனல் காற்று. காரணம் எளிது. எல்லை இங்கே முகட்டில் இல்லை, முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கி வந்து ஆற்றில் நிற்கிறது. மழைமறைவுப் பக்கத்தில் கேரளாவுக்குக் கிடைத்த துண்டு இது. அங்கிருந்து ஏறினால் மறையூர். சந்தனக் காடு, கரும்பு, வெல்லம். அதற்கும் மேலே போனால்தான் நீங்கள் நினைத்த பச்சை வரும்.

அந்தப் பாலத்தருகே ஒருமுறை வண்டியின் ரேடியேட்டரைத் தணிய வைக்க நின்றேன். பாலத்தின் அந்தப் பக்கம் நின்ற வன ஊழியர் பாதி மலையாளமும் பாதி தமிழுமாக, "சாரே, யானை தண்ணிக்கு இறங்குன்ன நேரம் இது, அங்க நிக்கண்டா" என்றார். மணி நாலரைதான். ஆற்றின் மணல் திட்டில் ஈரம் காயாத லத்திக் குவியல் கிடந்தது. யானைக்கு இரண்டு கரையும் ஒரே காடு. நமக்குத்தான் இரண்டு செக்போஸ்ட். இந்த ரோட்டில் காட்டுக்குள் எங்கும் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கக் கூடாது. இரவில் விடமாட்டார்கள். மதியம் மூன்று மணிக்குள் உடுமலையை விட்டுக் கிளம்பினால்தான் வெளிச்சத்திலேயே மறையூர் சேரலாம்.

தண்ணீர் போகிற திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேரளாவின் 44 ஆறுகளில் 41 மேற்கே ஓடுகின்றன, மூன்று மட்டும் கிழக்கே: கபினி, பவானி, பாம்பாறு. பாம்பாறுதான் நம் பக்கம் வந்து அமராவதி அணைக்குத் தண்ணீர் கொடுக்கிறது. பவானி நீலகிரியில் இறங்கி, அட்டப்பாடிக்குள் போய், திரும்ப நம்மிடமே வருகிறது. கோவைக்குக் குடிநீர் தரும் சிறுவாணி அணை இருப்பது கேரளாவில். மறுபக்கம், பொள்ளாச்சியில் பெய்கிற மழையின் ஒரு பங்கு ஆழியாறு வழியாகப் பாரதப்புழையில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. முல்லைப்பெரியாறு தெரிந்த கதை: 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை, 1895-ல் அணை, மேற்கே ஓடிய தண்ணீர் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு. குமுளி ஏறும்போது மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள், அந்தத் தண்ணீர்தான். எல்லையோரத்தில் நிலமோ தோட்டமோ வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் வாய்க்கால் எந்த அணையில் தொடங்குகிறது, அந்த அணை எந்த மாநிலத்தில் இருக்கிறது, மதகு யார் கையில் என்று முதலில் விசாரியுங்கள். பட்டா, சிட்டாவைப் பார்க்கிற அதே கவனத்தோடு இதையும் பாருங்கள்.

இனி ஆறு. காவிரி கர்நாடகத்தில் மேகதாதுவைத் தாண்டிக் கீழே வரும்போது, ஒகேனக்கல் வரைக்கும் இரண்டு மாநிலத்துக்கும் நடுவே எல்லையாகவே ஓடுகிறது. மத்திய நீர்வள ஆணையம் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலு இந்தப் பாதையில்தான் இருக்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னதே, அது அங்கே அளந்து கொடுக்க வேண்டிய கணக்கு. செய்தியில் "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி" என்று வாசிப்பது பலருக்கு விவசாயச் செய்தி. ஒகேனக்கல் போகிறவருக்கு அதுதான் டிக்கெட். நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள்.

பரிசல் என்றால் மூங்கிலில் பின்னி, அடியில் தார் பூசின வட்டத் தொட்டி. மூலை கிடையாது, முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும்போது பரிசல்காரர் துடுப்பை ஒரு பக்கமாக அழுத்தி கிறுகிறுவென்று சுற்ற விட்டார். "சார், இப்ப கர்நாடகா... இப்ப தமிழ்நாடு... இப்ப கர்நாடகா" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் முகம் திரும்பும் கரையைக் காட்டிச் சொன்னார். எதிர்க்கரையிலிருந்தும் பரிசல்கள் வந்துகொண்டிருந்தன. இரண்டு பக்கத்துப் பரிசல்காரர்களும் கன்னடமும் தமிழும் கலந்து ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டார்கள். தண்ணீருக்குள் கோடு எங்கே என்று கேட்டேன். "கோடு எல்லாம் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கு சார், இங்க சுழல்தான் இருக்கு" என்றார். துடுப்பை நிறுத்தாமலே சொன்னார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கிளம்புவதற்கு முதல் நாள் பிலிகுண்டுலு நீர்வரத்தை மட்டும் பார்க்காமல், மேலே கே.ஆர்.எஸ்., கபினி அணைகளில் எவ்வளவு திறக்கிறார்கள் என்றும் பாருங்கள். அங்கே திறந்தது இங்கே வந்து சேர நேரமாகும், ஆனால் வராமல் போகாது. உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். நம் பக்கத்துத் தடை நம் கரைக்கு. எதிர்க்கரையில் பரிசல் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு இங்கே தகராறு செய்கிறவர்கள் உண்டு. அங்கே முடிவெடுப்பது வேறு நிர்வாகம். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், போட்டோவுக்காகக் கழற்றாதீர்கள். பரிசல் கட்டணத்தைக் கவுண்டரில் கட்டுங்கள். வழியில் பைக்கில் வந்து மறிக்கிற ஆளிடம் பேரம் பேச வேண்டாம். அப்புறம், ஆற்றோரத்தில் போன் எதிர்க்கரை டவரைப் பிடித்துவிடும். அவசரத்துக்கு 112 அடித்தால் கன்னடத்தில் ஒருவர் எடுக்கக்கூடும். பதறாமல், நீங்கள் நிற்பது தருமபுரி மாவட்டம் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். பென்னாகரம் போலீஸ் ஸ்டேஷன் நம்பரைச் சேமித்து வைப்பது இன்னும் நல்லது.

கீழே மேட்டூர் அணையின் நீர்ப்பரப்புக்கு வந்தால், மாதேஸ்வரன் மலைப் பக்கத்துப் பாலாறு எல்லையாக நிற்கிறது. கொளத்தூர் வழியாகப் போனால் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கர்நாடக செக்போஸ்ட். இது வேலூர் பாலாறு இல்லை. பொள்ளாச்சிப் பக்கமும் ஒரு பாலாறு உண்டு. கூடலூரும் இரண்டு, தேனியில் ஒன்று, நீலகிரியில் ஒன்று. இரண்டுமே கேரள எல்லையோரம் என்பதால் குழப்பம் இன்னும் அதிகம். போனில் வழி போடும்போது மாவட்டப் பெயரையும் சேர்த்து அடியுங்கள். பாலாற்றுக் காடு என்றால் வீரப்பன் ஞாபகம் வராதவர்கள் எங்கள் தலைமுறையில் இல்லை. இரண்டு மாநில அதிரடிப்படைகள் தேடியும் 2004 அக்டோபர் வரை பிடி கொடுக்காமல் இருந்ததற்கு, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தடையின்றிப் போகும் இந்தக் காடும் ஒரு காரணம்.

நம் பக்கத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஒகேனக்கல்லில் காவிரி பாறைக்குள் ஓடுவதால் இடம் மாறாது. கங்கைச் சமவெளியில் அப்படி இல்லை. பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் நடுவே கங்கையும் காக்ராவும் வெள்ளத்துக்கு வெள்ளம் படுகையை மாற்றிக்கொள்கின்றன. ஆழமான ஓட்டம் எங்கேயோ அதுவே எல்லை என்று வைத்திருந்தபோது, நேற்று இந்த மாநிலத்தில் இருந்த வயல் மழை முடிந்து பார்த்தால் அந்த மாநிலத்தில் இருக்கும். விதைத்தவன் ஒருவன், அறுக்க வருகிறவன் ஒருவன் என்று அடிதடி. கடைசியில் நாடாளுமன்றம் 1968-ல் தனிச் சட்டம் போட்டு, ஆறு எங்கே போனாலும் நகராத நிலையான கோட்டை எல்லையாக்கியது. யமுனை விஷயத்தில் ஹரியானாவுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் 1979-ல் அதே வேலை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆற்றங்கரை நிலத்தை வாங்குகிறவர்கள் "ஆறு வரைக்கும் நம்முது" என்கிற பேச்சை நம்பிப் பணம் கொடுத்துவிடுகிறார்கள். புல வரைபடத்தை எடுத்து, சர்வேயரை வைத்துக் கல்லைக் காட்டச் சொல்லுங்கள்.

கிழக்கே பழவேற்காடு ஏரி இன்னும் சிக்கல். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம்மிடம். உப்புத் தண்ணீருக்கு நடுவே என்ன கல்லை நடுவது? வலை போடுகிற இடம் பற்றி இரு பக்கத்து மீனவர்களுக்கும் அவ்வப்போது உரசல் வரும். நான் அங்கே அதிகம் போனதில்லை, வேடிக்கை பார்த்தவன் மட்டும்தான். ஆகவே ஒன்றே ஒன்று: படகில் போனால் ஊர்க்காரர் படகில் போங்கள், அவர் திரும்பலாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

மற்றபடி, 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிகவரி செக்போஸ்ட்டில் லாரி வரிசை நிற்கிற காலம் போய்விட்டது. ஆனால் போலீஸ், வனத்துறை, போக்குவரத்துத் துறைச் சோதனைகள் இருக்கின்றன. சொந்தக் கார் என்றால் பிரச்சினை இல்லை. மஞ்சள் போர்டு வாடகை வண்டி என்றால், பக்கத்து மாநிலத்துக்கான பெர்மிட்டும் வரியும் கட்டியாகிவிட்டதா என்று டிரைவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னால் வேறு வண்டி பாருங்கள். ஒரு மாநிலத்து மதுபாட்டிலை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டால் பயணம் ஸ்டேஷனில் முடியும். தேனி மாவட்டத்துக் கூடலூருக்கு மேலே கண்ணகி கோயில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சித்ரா பௌர்ணமியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். ஜீப் வழி கேரளாவில் குமுளியிலிருந்து, நடைவழி நம் பக்கம் பளியங்குடியிலிருந்து. நடக்கிறவர்கள் தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன் ஏறிவிட வேண்டும்.

நீலகிரி வழியாக மைசூர் போகிறவர்களுக்கு: 2024 மே முதல் நீலகிரிக்குள் நுழைய வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள், ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம். முதுமலையையும் பந்திப்பூரையும் பிரிக்கிற மாயாற்றுப் பக்கத்துக் காட்டுச் சாலையில், கக்கநல்லா எல்லைக்கு அப்பால் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கிறது என்று காட்டுக்குள் வண்டியை விரட்டுவது எல்லாவற்றையும் விட ஆபத்து. மான் குறுக்கே வர ஒரு நொடி போதும். ஏழு மணிக்குள் கூடலூரைத் தாண்ட முடியாவிட்டால் அங்கேயே அறை எடுத்துத் தூங்கிவிட்டு, காலையில் கேட் திறந்ததும் போங்கள்.